கழுவிய கற்கள்

கொளஞ்சியம்மாள் முழங்கை வரை மீன் தொட்டிக்குள் கையை விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கல்லின் இடுக்கிலிருந்து ஒரு நத்தை கழன்று மணலில் விழுந்தது. விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. கால் நீளவில்லை, ஓடு நிமிரவில்லை. அவள் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஜன்னல் கட்டையில், ஏற்கனவே செத்த நத்தைகளின் பக்கத்தில் வைத்தாள். அவற்றைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"இதுவும் போச்சுங்க."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஞானசேகரன் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார். நத்தையைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், தொட்டியின் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் ஜோடி போன வாரமே போய்விட்டது. இது ஒன்றுதான் பாக்கி.

காலையில் பார்த்தால் தொட்டி ஓரளவு சுத்தமாகத்தான் இருக்கும். விளக்கைப் போட்டுவிட்டு உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் கல் மேலும் மணல் மேலும் பழுப்பாக ஒன்று படர ஆரம்பித்துவிடும். வெறும் பாசி என்றால் பரவாயில்லை. இது சளி மாதிரி இழை இழையாகத் தொங்கியது, ஒவ்வொரு இழையிலும் காற்றுக் குமிழி. கொளஞ்சியம்மாள் தேய்த்து எடுப்பாள். மறுநாள் அதற்கு மேல் வரும். அவளும் அதற்கு மேல் தேய்ப்பாள். கையெல்லாம் உப்பில் வெடித்து, குழம்பு பிசைந்தால் எரிகிறது என்று இப்போதெல்லாம் கரண்டியால் சாப்பிடுகிறாள்.

"இந்த மீனும் போச்சுன்னா, நான் இருக்கமாட்டேங்க. சொல்லிட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மீன் தொட்டி என்றால் நான்கு கண்ணாடி, ரெண்டு குடம் தண்ணீர் என்று நினைக்கிறவர்களுக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஞானசேகரனும் அந்த ரகம்தான். "கடல் கூப்புடு தூரத்துல இருக்குது. அத எதுக்குடா நடு வூட்டுக்குள்ள கொண்டாற?" என்று மகனைக் கேட்டவர். இளவரசு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். சம்பளத்தில் பாதியை இந்தத் தொட்டியில் கொட்டினான். கடலூர் செம்மண்டலத்தில் வாடகை வீடு, அதன் கூடத்தில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் தொட்டி. கல், மணல், பம்பு, நீல விளக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு பெயர், ஒரு கணக்கு. சாப்பிடக் கூப்பிட்டால்கூட வராமல் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். கல்யாணம் பேசினால் மட்டும், "மீனுக்குப் புடிச்ச பொண்ணா பாரும்மா" என்பான். கோடையின் ஆரம்பத்தில் ஒருநாள் சிதம்பரம் ரோட்டில் ஒரு லாரி அவனை எடுத்துக்கொண்டது.

காரியத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் அப்படித்தான். சாவு விழுந்த வீட்டில் நின்ற தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. குடத்துத் தண்ணீர், தவலைத் தண்ணீர், மொட்டைமாடி டேங்க் தண்ணீர், எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். தீட்டு தண்ணீரில்தான் தங்கும் என்பார்கள். அப்புறம் கூடத்தில் இவ்வளவு பெரிய தொட்டியில் நிற்கிற தண்ணீரை யார் விட்டுவைப்பார்கள்? மீன்களை வாளியில் எடுத்து விட்டுவிட்டு, கொளஞ்சியம்மாளே முன்னால் நின்று தொட்டியைக் காலி செய்தாள். மகனுடைய பொருள் என்று வேறு யாரையும் தொட விடவில்லை. கற்களைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சோடா மாவு போட்டுத் தேய்த்து மொட்டைமாடியில் காயப் போட்டாள். மணலை அரிசி களைகிற மாதிரி தெளியத் தெளியக் களைந்தாள். ஞானசேகரன் தேவனாம்பட்டினம் போய் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அன்று தொட்டி கோயில் விளக்கு மாதிரி பளிச்சென்று இருந்தது. "பாத்தா சந்தோசப்பட்டிருப்பான்" என்று அவள் சொன்னாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அழுதார்கள்.

பிறகுதான் பழுப்பு வந்தது.

ஞானசேகரன் குறிஞ்சிப்பாடியில் ஓர் உரக்கடையில் முப்பது வருஷமாக இருக்கிறவர். கவுண்டரில் நிற்கிற அவரிடம் விவசாயிகள் ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நெல்லில் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது நோயா, மண்ணில் சத்துக் குறைவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். ரெண்டும் பார்வைக்கு ஒன்றுதான். மருந்தை மாற்றி அடித்தால் பயிர் காலி. இத்தனை தெரிந்த மனிதருக்குச் சொந்த வீட்டுக் கூடத்தில் வந்திருப்பது என்னவென்று தெரியவில்லை. கடலூரில் வளர்ப்பு மீன் விற்கிற ஒரு கடைக்காரன், "புதுத் தொட்டிக்கு வர்ற பாசிதாண்ணே, டயட்டம்னு பேரு. தண்ணிய மாத்தினே இருங்க, தானா போய்டும்" என்றான். மாற்றினார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கேன்களோடு கடற்கரைக்குப் போக, அவள் பிரஷ்ஷோடு தயாராக நின்றாள். உண்மையைச் சொன்னால், இந்த வேலை இல்லாவிட்டால் அந்த வீட்டில் ரெண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு வார்த்தை கிடையாது. 'தண்ணி போதுமா', 'இந்தப் பக்கம் புடிங்க', 'வாளிய நவுத்துங்க.' அவ்வளவுதான் குடும்பம்.

ஜோடி மீன் செத்த அன்று அவர் கடையிலிருந்து கொஞ்சம் மயில்துத்தம், அந்த நீலக் காப்பர் உப்பை, மடித்து எடுத்துவந்தார். குளத்துப் பாசிக்கு அதைத்தான் போடச் சொல்லுவார். போடுவதற்கு முன்னால் ஏதோ ஒன்று தடுக்க, மகனுடைய போனை எடுத்தார். அதை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். கடல் மீன் வளர்க்கிறவர்கள் வைத்திருந்த குரூப் ஒன்று அதில் இருந்தது. தொட்டியைப் போட்டோ எடுத்துப் போட்டு, 'இது என்ன பாசி? மயில்துத்தம் போடலாமா?' என்று தடவித் தடவித் தட்டினார்.

போன் துள்ளிக் குதிக்க ஆரம்பித்தது. 'டேய் மச்சான்! எங்கடா போன இத்தன நாளா?' என்று ஒருத்தன். 'உயிரோட தான் இருக்கியா மாப்ள' என்று இன்னொருத்தன், பக்கத்திலேயே சிரிக்கிற பொம்மை. 'காப்பர் போட்டா மொத்தமும் காலி மச்சான், நீயே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது, மறந்துட்டியா?' ஞானசேகரன் போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஆனால் மறுப்பு ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுதான் நினைத்தார். நினைத்துவிட்டு, 'கொஞ்சம் வேலை' என்று மட்டும் போட்டார். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பத்துப் பதினைந்து பேருக்கு அவர் மகன் இன்னும் உயிரோடு இருந்தான். அதைக் கெடுக்க அவருக்குக் கை வரவில்லை.

அந்தக் குரூப்பில்தான் மேரி ஷாலினி என்ற பெண் எழுதியிருந்தாள். 'போட்டோல சொல்ல முடியாது இளவரசு. டயட்டமும் டைனோன்ற இன்னொரு பாசியும் பாக்க ஒண்ணு போலதான் இருக்கும். ஒரு பாட்டில்ல எடுத்துனு சிதம்பரம் வா, லேப்ல மைக்ரோஸ்கோப்புல பாத்துச் சொல்றேன்.'

நத்தை விழுந்து, கொளஞ்சியம்மாள் அப்படிச் சொன்ன அன்று ஞானசேகரன் கடைக்குப் போகவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலில் பழுப்பை வழித்து நிரப்பிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். தினமும் குறிஞ்சிப்பாடிக்குப் போகிறவருக்கு இந்த ரோடு தேவைப்படாமல் இருந்தது. மகன் அடிபட்ட பிறகு இன்றுதான் முதல்முறை. ஆலப்பாக்கம் தாண்டியதும் பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "பெரியவரே, மயக்கம் வர்தா?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். பி.முட்லூர் என்று கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் திறந்தார்.

மேரி ஷாலினி சொன்ன லேப், மேலவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். மேஜை மேல் வரிசையாக ஊரார் மூத்திரம், சளி, ரத்தம். அவற்றின் நடுவே ஞானசேகரன் தன் பாட்டிலை வைத்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண், கழுத்தில் சின்னச் சிலுவை, பாட்டிலைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இளவரசு அப்பாவா அங்கிள்? அவன் வர்லியா? ஆளே காணம், குரூப்ல வந்தா மட்டும் பெரிய மனுசன் கணக்கா ரெண்டு வார்த்தை எழுதுறான்."

"அது நான்தாம்மா எழுதனது" என்றார் ஞானசேகரன்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். எப்போது, எப்படி என்று அவள் கேட்க, அவர் சொல்ல, உள்ளே ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு எதுவும் செய்யத் தெரியாதவளாகப் பாட்டிலை எடுத்தாள்.

முதலில் பாட்டிலை நன்றாகக் குலுக்கினாள். இழையெல்லாம் கலைந்து தண்ணீர் வெறும் கலங்கலானது. அதை டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஜன்னல் வெயிலில் ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்தாள். "டயட்டம்னா இப்பிடியே கெடக்கும் அங்கிள். மத்ததுன்னா மறுபடியும் ஒண்ணா சேந்துக்கும். கொஞ்ச நேரம் பாப்போம்." அவர் பெஞ்சில் உட்கார்ந்து குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்துபோகிற நோயாளிகள் அவரையும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தது தப்பில்லை. மதியம் ஆவதற்குள் தெளிந்த தண்ணீரில் எங்கிருந்தோ ஒரு பழுப்பு நூல் தோன்றியது. அது இன்னொரு நூலைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவரைக் கூப்பிட்டாள். எள்ளு எள்ளாக எத்தனையோ. ஒவ்வொன்றும் கூர்மையான ஒரு முனையை ஊன்றிக்கொண்டு, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது.

"டயட்டம் படகு மாதிரி, ஊசி மாதிரி இருக்கும். சாதுவா கெடக்கும், தானா போய்டும். இது டைனோ அங்கிள். இதுக்கு வெஷம் ஜாஸ்தி. தின்ன நத்தையெல்லாம் சாகும்." அவள் தயங்கினாள். "தொட்டிய மொத்தமா காலி பண்ணி, கல்லு கில்லு கழுவுனீங்களா?"

அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துத் தலையாட்டினார்.

"அந்தக் கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக் கணக்குல இருக்கும். அதான் இத வரவிடாம புடிச்சு வெச்சிருக்கும். கழுவிட்டா இதுக்குப் போட்டியே இல்ல. அப்புறம் தண்ணி மாத்த மாத்த, தேய்க்கத் தேய்க்க, இன்னும் ஜாஸ்தியாவும்."

மொட்டைமாடி வெயிலில் வரிசையாகக் காய்ந்த கற்கள் ஞானசேகரனின் கண்முன் வந்தன. மகன் தொட்டு வளர்த்த உயிர் அத்தனையும் அந்தக் கற்களில்தான் இருந்திருக்கிறது. பெற்றவளே அதைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொன்றிருக்கிறாள். தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியது இவர். இதை எந்த வாயால் அவளிடம் போய்ச் சொல்வது?

"பொழைக்க வைக்கணும்மா. மீனுக்காக மட்டும் கேக்கல" என்றார்.

அவள் புரிந்துகொண்டாள் போலிருந்தது. இனிமேல் தேய்க்கக் கூடாது, தண்ணீர் மாற்றக் கூடாது. மூன்று நாள் தொட்டியில் துளி வெளிச்சம் படாமல் கனமான துணியால் மூட வேண்டும். ஆசைப்பட்டுத் திறந்து பார்க்கக் கூடாது. பம்பு மட்டும் ஓடட்டும். தன் தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பான்ஜ் துண்டு ஒன்றை மறுநாள் கடலூர் வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னாள். உயிர் நிறைந்த அந்த அழுக்குதான் இப்போது மருந்து. "அப்பவும் மீன் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது அங்கிள்" என்றாள். கடைசியில், "குரூப்ல நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"இப்ப வேணாம்மா. மீனு பொழைக்கட்டும்."

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கொளஞ்சியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். மீன் அதே மூலையில், வாயைத் திறந்து மூடிக்கொண்டு. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பரணிலிருந்த ரெண்டு கம்பளிகளை இழுத்துப் போட்டார். விளக்கை அணைத்தார்.

"இன்னா பண்றீங்க?"

"மூடணும் கொளஞ்சி. மூணு நாளு வெளிச்சமே படக்கூடாதாம். அப்பதான் அந்தப் பழுப்பு சாவுமாம்."

அவள் எழுந்து தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஈரக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மூடக்கூடாது."

"ஆஸ்பத்திரி பொண்ணு சொல்லுது..."

"யாரு சொன்னா இன்னா? மூட்டையா கட்டித்தான எடுத்தாந்தாங்க எம்புள்ளைய? ஒரு தரம் மூஞ்சியப் பாக்கறேன்னு அந்தக் கத்து கத்தனனே. வேணாம், நீ பாக்காதன்னு யாரு புடிச்சினு நின்னது? நீங்கதான? மூடியே எடுத்தாந்து, மூடியே கொண்டுபோனீங்க. இப்ப இதையும் மூட்றீங்களா?"

ஞானசேகரன் கம்பளியைப் பிடித்தபடி நின்றார். அன்று அந்தத் துணிக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தார். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவார். ஆனால் அதைச் சொல்லி ஆறுதல் சொல்கிற விஷயமா அது?

"எதுனால வந்துச்சாம்?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"கடல் தண்ணில இருந்துச்சாம். நான் கொண்டாந்த தண்ணிதான்."

"கல்லக் கழுவுனதப் பத்திக் கேட்டாங்களா?"

"கேக்கல."

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது. கடையில்கூட காலாவதியான மருந்தை விற்கச் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கொளஞ்சியம்மாள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். அதைத் தரையில் வைத்தாள். கைகளை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள், தோல் வெடித்த இடமெல்லாம் ரத்தம் கசியும் அளவுக்கு.

"அப்ப நாந்தான்" என்றாள்.

"இல்ல கொளஞ்சி. தண்ணிதான். சத்தியமா நான் கொண்டாந்த தண்ணிதான்."

"ரெண்டு கொடம் சுடுதண்ணி வெச்சேன். ஒரு இடுக்கு விடாம ஊத்துனேன்."

அவர் அவள் தோளைத் தொட்டார். அவள் தட்டிவிடவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை. தொட்டிக்குள் பம்பு குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளே கம்பளியின் ஒரு முனையைப் பிடித்துத் தொட்டியின் மேல் வீசினாள். ரெண்டு பேருமாக ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துப் போட்டார்கள். பின்பக்கம் சுவரோடு சேர்த்துச் செருகினார்கள். முன்பக்கம் தொங்கிய பகுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முக்காலியைத் தொட்டியை ஒட்டி நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்தாள். கம்பளியைத் தன் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கொளஞ்சி, இன்னா இது? வெளிய வா."

"அவன் தனியா கெடந்தான் அங்க, ஐஸ் பொட்டியில. இது தனியா கெடக்க வேணாம்" என்றது உள்ளிருந்து குரல். "நீங்க ஓரத்தையெல்லாம் நல்லாச் சொருவுங்க. வெளிச்சம் வருது."

"வெந்துபோய்டுவ. புழுக்கத்துல மூச்சு வுட முடியாது."

"சொருவுங்கன்றேன்ல."

அவர் ஜன்னல்களைச் சாத்தினார். வாசல் கதவைச் சாத்தினார். மண்டியிட்டுத் தரையோரமாகக் கம்பளியைச் செருகிக்கொண்டே வந்தார். தொட்டியும் அவளும் சேர்ந்து ஒரே மேடாகத் தெரிந்தது. கம்பளி லேசாக ஏறியது, இறங்கியது. அது அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் மூச்சு விட்டார். கதவிடுக்கில் நுழைந்த வெயில் ஒரு கோடாகத் தரையில் நீண்டு, மடிப்பு விலகியிருந்த ஓரிடத்தில் உள்ளே போனது. அவர் கையை நீட்டுவதற்குள், உள்ளிருந்து வெடித்த விரல்கள் இரண்டு வெளியே வந்து, அந்த ஓரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, உள்ளே இழுத்துக்கொண்டன.